பத்து வாரம் கழற்றாத வாய்க்கூடை

போன வாரம் என்னைத் தேடிக்கொண்டு ஒரு கால்நடை டாக்டர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, சட்டைப்பையில் இரண்டு பேனா. மாடு வைத்திருப்பவர்களுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடிக்கப் போகிறார்களாம், கன்றுக்குட்டியின் வயிறு எப்படி வளர்கிறது என்று. "ஐயா ரொம்ப வருஷம் மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவங்க. தமிழ் சரியா இருக்கான்னு பார்த்துக் குடுங்க" என்றார்.

பார்த்தேன். தமிழ் சுமார்தான், விஷயம் சரியாக இருந்தது. ஆனால் ஒரு வரி இல்லை. பென்சிலால் நானே எழுதிச் சேர்த்தேன்: 'வாய்க்கூடை போடச் சொன்னால், என்றைக்குக் கழற்றவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடவேண்டும்.'

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே ஐயா" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. உட்காருங்கள் என்று சொல்லி நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் சிரிக்கவில்லை. "இதையே எழுதிக் குடுங்களேன்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்குத் தியாகராய நகர் என்று ஜவுளிப் பையோடு ஜனங்கள் முட்டி மோதுகிற இடமெல்லாம் அப்போது செங்கல் வண்டியும் சேறும்தான். எங்கள் மாட்டாஸ்பத்திரி மயிலாப்பூரில் இருந்தது. ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு துத்தநாக மேஜை, மருந்து அலமாரி, நான், டாக்டர் தேவசகாயம். மருந்து கலப்பது, மாட்டைப் பிடிப்பது, கட்டுக் கட்டுவது, வீடு வீடாகச் சைக்கிளில் போய்ப் பார்ப்பது எல்லாம் என் வேலை. படிப்பு, பரீட்சை எல்லாம் சேர்த்து ஒன்றரை வருஷம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பாதி நேரம் சாணி அள்ளினேன்.

டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். உயரம், ஒல்லி, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு. பேசினால் காசு கொடுக்கவேண்டும் என்பது போல வாயை மூடிக்கொண்டிருப்பார். மாட்டை முதலில் தொடவே மாட்டார். நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்ப்பார், சாணியைக் குச்சியால் கிளறிப் பார்ப்பார். அப்புறம்தான் இடது பக்கம் போய், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்துவார். இன்னொரு கையில் கடிகாரம். மாட்டின் நாலு வயிற்றில் முதல் வயிறு உள்ளே புரளும்போது முஷ்டியை மெல்ல வெளியே தள்ளும். எத்தனை தரம் தள்ளுகிறது என்று எண்ணுவார். எண்ணி முடிக்கிற வரைக்கும் வீட்டுக்காரர் யாராவது வாயைத் திறந்தால், ஒரு பார்வை. அவ்வளவுதான், அடங்கிவிடுவார்கள்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் முதல் பாடம் ஒரு முடிச்சு. கயிற்றின் நுனியை மடித்துக் கண்ணிக்குள் விட்டுப் போடுவது. எவ்வளவு இழுத்தாலும் இறுகும், நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் விட்டுவிடும். "மாடு விழுந்து மூச்சுத் திணறும்போது நகத்தால நோண்டிக்கிட்டு நிக்கக்கூடாது, மாணிக்கம்" என்றார். இருநூறு தரம் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னார். அதன் பிறகு என் வீட்டுக் கொடிக்கயிற்றில்கூட அந்த முடிச்சுதான்.

இரண்டாவது பாடம் துத்தநாக மேஜையில். ஒரு வாரத்துக் கன்று ஒன்று செத்துப்போய் வந்தது. அதே நாளில், ஜட்கா ஏறிச் செத்த மூன்று மாதக் கன்று ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுத் திறந்தார். சின்னதின் முதல் வயிறு என் உள்ளங்கைக்குள் அடங்கியது, நாலாம் வயிறுதான் பெரிசு. பெரியதில் எல்லாம் தலைகீழ். முதல் வயிறு வயிற்றுக்கூட்டையே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். சின்னதில் நனைந்த மல்லுத்துணி மாதிரி வழவழ என்று இருந்தது. பெரியதில் முரட்டுத் துண்டு மாதிரி சொரசொரப்பு.

"கன்னு தலையை நிமிர்த்திக் காம்பை உறிஞ்சுதில்ல, அப்ப உள்ள ஒரு வழி குழாய் மாதிரி மூடிக்கும். பால் முதல் வயித்தைத் தொடாம நேரா நாலாவதுக்குப் போயிடும். பால் குடிக்கிற வரைக்கும் முதல் வயித்துக்கு வேலையே இல்லை. அப்ப இது எப்படி இப்படி வளர்ந்தது?"

"வயசானதும் வளர்ந்துடுச்சு சார்."

"வயசு வளர்க்காது. ரெண்டாவது வாரத்துலேருந்து கன்னு வைக்கோல் நுனியைக் கடிக்கும், தாய் வாயை நக்கும், தரையை முகரும். அதெல்லாம் உள்ள போய்ப் புளிக்கணும். அப்பத்தான் இது வளரும், கன்னு அசை போடும். உள்ள ஒண்ணும் போகலைன்னா இப்படியே கிடக்கும்."

தலையை ஆட்டினேன். புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே ஒரு வீடு. வீட்டுக்காரர் வரதன், கோர்ட்டில் குமாஸ்தா. மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், ஆண் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் குழந்தையை வளர்த்தவர் வரதனின் அக்கா அலமேலு அம்மாள். முப்பத்தைந்து வயசு இருக்கும், கணவனை இழந்தவர், மெலிந்த உடம்பு, உரத்த குரல். குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லை. வெளியே வாங்கின பாலைக் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றுப்போக்கு வந்து குழந்தை பிழைத்ததே பெரும்பாடு. அதனால் வீட்டுப் பசு கன்று போட்டதும் அதன் பால் ஒன்றுதான் ஆகாரம்.

அந்தப் பசுவிடம் ஒரு குணம். கன்று மடியை முட்டினால்தான் பால் இறங்கும். முந்தின ஈத்தில் கன்று மண்ணைத் தின்று செத்துவிட்டது. பால்காரர்கள் செய்வது போலத் தோலில் வைக்கோல் அடைத்த கன்றை முன்னே வைத்தார்களாம். "முகர்ந்து பார்த்தா. ஒரு உதை விட்டா. எட்டு நாள்ல மடி வத்திப்போச்சு" என்றார் அலமேலு அம்மாள். இந்தக் கன்றும் பத்தாவது நாளே சுவரையும் தரையையும் நக்க ஆரம்பித்துவிட்டது என்று பதறிப்போய் ஆள் அனுப்பினார்கள்.

நான்தான் போனேன். பார்த்தேன். தென்னை நாரில் பின்னிய ஒரு வாய்க்கூடையைக் கன்றின் மூஞ்சியில் மாட்டி, காதுக்குப் பின்னால் கயிற்றைக் கட்டிக் காட்டினேன். அம்மாளுக்கு அந்த முடிச்சையும் சொல்லிக் கொடுத்தேன். "பால் குடிக்கறப்ப மட்டும் கழட்டுங்க. மத்தபடி இருக்கட்டும்" என்றேன். என்ன மிடுக்கு எனக்கு. சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போய்விட்டேன். எத்தனை நாள் என்று சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை.

மற்ற வீடுகளில் இப்படிச் சொன்னால் நாலு நாள் கட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். அலமேலு அம்மாள் மறக்கிற ஆள் இல்லை. சொன்னது சொன்னபடி, ராப்பகலாகப் பத்து வாரம்.

பத்து வாரத்தில் குழந்தைக்கு நாலு மாசம், பசி அதிகம். பசுவுக்குப் பால் குறைய ஆரம்பித்தது. கன்று பெரிதாகிவிட்டதே, இனி வைக்கோல் தின்னட்டும் என்று கூடையைக் கழற்றினார்கள். மடியை முட்டவிட்டு உடனே இழுத்துக் கட்டினார்கள். பசியில் கன்று வைக்கோலை வாரி வாரித் தின்றது. நாலாம் நாள் இடது பக்கம் பறை மாதிரி உப்பிக்கொண்டது. பயந்துபோய்க் கூடையை மறுபடி கட்டிவிட்டு ஆள் அனுப்பினார்கள். இந்தத் தடவை டாக்டரும் வந்தார்.

கன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. டாக்டர் சுற்றி வந்தார். கூடைக் கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார், அவிழ்ந்து கையில் வந்தது. கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளத்தில் முஷ்டியை வைத்தார். நிமிஷங்கள் போயின. ஒரு அசைவும் இல்லை.

"இதை எத்தனை நாளா கட்டியிருக்கீங்க?"

"பத்து நாள் கன்னுலேருந்து."

"யார் கட்டச் சொன்னது?"

அலமேலு அம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தார். "நாங்களேதான் கட்டினோம். மண்ணைத் தின்னுடுமோன்னு" என்றார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே வைத்தியத்தைச் சொன்னார். பேதி மருந்து கூடாது, மூங்கில் கொட்டத்தால் வாயில் கஞ்சி புகட்டக்கூடாது. வைக்கோல் நிறுத்தம். இரண்டு காம்பு குழந்தைக்கு, இரண்டு காம்பு கன்றுக்கு. தினம் மூன்று வேளை அந்தப் பள்ளத்தை முஷ்டியால் பிசைந்துவிட வேண்டும். ஒரு பிடி இளம் அறுகம்புல், ஒரு பிடிக்கு மேல் கூடாது. கடைசியாக, நன்றாக அசை போடும் மாட்டின் வாயிலிருந்து ஒரு கவளம் அசையை எடுத்து, சூடு ஆறுமுன் கன்றின் நாக்குக்குப் பின்னால் வைத்து விழுங்க வைக்க வேண்டும். தினம் ஒன்று. "உள்ள புளிக்க வைக்க ஒண்ணும் இல்லை இதுக்கு. இரவல் வாங்கித்தான் ஆரம்பிக்கணும்" என்றார். பிழைக்குமா என்று வரதன் கேட்டார். டாக்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் அலமேலு அம்மாளிடம், "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"உங்களைக் காட்டிக் குடுத்தா அவர் உங்களை அனுப்பிடுவார். அப்புறம் தினம் யார் வந்து இந்தக் கன்னைப் பார்க்கறது? நானா? எனக்குக் குழந்தையைப் பார்த்துக்கவே கை போறலை" என்றார். "உங்க மேல தயவு ஒண்ணும் இல்லை. கன்னு பிழைக்கட்டும். பிழைச்சப்புறம் நீங்களே போய்ச் சொல்லிக்கோங்கோ."

அன்றைக்கு அவமானத்தில் என் காது எரிந்தது. இந்தக் கன்றைச் சாகவிடுவதில்லை என்று அந்தத் தொழுவத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

பால் பாதியானதும் வீட்டில் காபி நின்றது. மயிலாப்பூரில் காபி இல்லாத வீடு என்றால் யோசித்துப் பாருங்கள். வரதன் காலையில் வெந்நீரைக் குடித்துவிட்டு இழவு வீட்டுக்குப் போகிறவர் மாதிரி கோர்ட்டுக்குப் போனார். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டே விட்டார், "அக்கா, அரை டம்ளர்?" அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அசைக் கவளத்துக்கு முதலில் வீட்டுப் பசுவிடமே போனேன். வாயில் கை வைத்ததும் தலையை உதறி என்னைச் சுவரோடு சேர்த்து ஒரு இடி இடித்தது. அன்று சாயங்காலம் கோபத்தில் பாலையும் அடக்கிக்கொண்டது. குழந்தை பசியில் கத்தின கத்தலைக் கேட்டுவிட்டு, இனி அந்தப் பசுவைத் தொடுவதில்லை என்று விட்டுவிட்டோம்.

அந்தத் தெரு முனையில் தூங்குமூஞ்சி மரம் ஒன்று. மாம்பலத்துக்குச் செங்கல் வண்டி ஓட்டும் கரீம் பாய், மத்தியானம் வண்டியை அவிழ்த்துவிட்டு அங்கேதான் படுப்பார். அவருடைய மாடு சுல்தான், மலை மாதிரி காளை, குழந்தை மாதிரி சாது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மணிக்கணக்கில் அசை போடும். கேட்டேன்.

பாய் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னா கம்பவுண்டர், வெள்ளாடுறியா? மாட்டு வாயிலேர்ந்து அசைய புடுங்கினா அசை வுட்டுப்பூடும். அசை போச்சுன்னா மாடு போச்சு. எனுக்கு இத்த வுட்டா இன்னா கீது சொல்லு. நாலு புள்ள கீது வூட்டுல." அப்படி ஆகாது என்று டாக்டர் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்தேன். மசியவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். அலமேலு அம்மாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலில் நேரே மரத்தடிக்கு நடந்தார். அந்தத் தெருவில் அவரை யாரும் பகலில் அப்படிப் பார்த்ததில்லை. ஜன்னல்கள் திறந்தன.

"பாய், இந்தக் குழந்தைக்கு அம்மா இல்லை. பசுதான் அம்மா. கன்னு போயிட்டா அதுவும் இல்லை. உங்க மாட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பசுவை ஓட்டிண்டு போயிடுங்கோ. நான் தடுக்க மாட்டேன்."

பாய் குழந்தையைப் பார்த்தார். குழந்தை சுல்தானைப் பார்த்துக் கையை நீட்டியது.

"பசுவெல்லாம் எனுக்கு வாணாம்மா" என்றார். "ஆனா ஒண்ணு. எம் மாட்டு வாயில எங்கையிதான் போவணும். கம்பவுண்டர் தள்ளி நிக்கட்டும்."

அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். கழுத்தின் இடது பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கவளம் கீழேயிருந்து மேலே ஓடுவது தோலுக்கடியில் தெரியும். அது வாய்க்கு வந்து இரண்டு மெல்லு மெல்லியதும், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடம் ஒன்று இருக்கிறதே, அதன் வழியாகக் கையைக் குறுக்கே விட்டு, நாக்கைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்திக் கவளத்தை வழிக்கவேண்டும். பாய் இரண்டு தரம் தவறவிட்டார். மூன்றாவதில் பச்சையாக, வெதுவெதுப்பாக, கை நிறைய வந்தது. சுல்தான் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்துவிட்டு அடுத்த கவளத்தை மேலே கொண்டுவந்தது. பாய் மூச்சு விட்டார்.

ஈரத்துணியை நீட்டினேன். அதற்குள் அலமேலு அம்மாள் வெறும் கையிலேயே அதை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். காளையின் எச்சில் முழங்கை வரை வழிந்தது. வாசலில் வரதன், "அக்கா, மடி ஆசாரம்..." என்று ஆரம்பித்தார். "குளிச்சாப் போறது" என்றார் அவர். அன்று முதல் அவருக்குத் தினம் மத்தியானம் இரண்டாவது குளியல்.

முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் வயிறு இன்னும் உப்பியது, கன்று படுத்துவிட்டது. வரதன் என்னைத் தனியாக அழைத்து, "விட்டுடலாமா? பாதிப் பாலாவது குழந்தைக்கு மிச்சமாகும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே அந்த எண்ணம் வந்திருந்தது. "இன்னும் நாலு நாள் குடுங்க" என்றேன். கன்றை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி, சாக்கு மூட்டையை முட்டுக் கொடுத்துப் பிசைந்தேன். கை மரத்துப்போனால் முழங்கையால் பிசைந்தேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஓடி வருவேன், பிசைந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். டாக்டர் எங்கே போகிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் டாக்டர் தானாகவே வந்தார். முஷ்டியை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு" என்றார். வெகு நேரம் கழித்து, "ரெண்டு" என்றார். கையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தொழுவத்தின் பின்பக்கம் போய் அழுதேன்.

பிறகு புல்லை ஒரு பிடியிலிருந்து இரண்டு பிடி, மூன்று பிடி என்று ஏற்றினோம். சாணி உருண்டு வர ஆரம்பித்தது. பதினெட்டாம் நாள் மத்தியானம் நான் உள்ளே நுழைந்ததும் அலமேலு அம்மாள் உதட்டில் விரலை வைத்தார். கன்று படுத்திருந்தது. அதன் கழுத்தில் ஏதோ ஒன்று கீழேயிருந்து மேலே ஓடியது. தாடை பக்கவாட்டில் நகர்ந்தது, ஒரு தரம், இன்னொரு தரம். அசை போட்டுக்கொண்டிருந்தது. அம்மாளின் மடியில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் தணிந்த குரலில், "போய்ச் சொல்லிட்டு வாங்கோ" என்றார்.

போனேன். டாக்டர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், அந்தக் கூடையைக் கட்டச் சொன்னது நான்தான்" என்றேன். வேலையை விட்டு நீக்குவார் என்று நினைத்தேன். நீக்கட்டும் என்றும் இருந்தது.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். கோர்ட்டு குமாஸ்தா வீட்டுல அந்த முடிச்சு எப்படி வரும்? ஒரு இழுப்புல அவிழ்ந்துச்சே."

துணியை வாளியில் அலசிப் பிழிந்தார்.

"உன் வாயால வரட்டும்னு இருந்தேன். கன்னு அசை போட்டுதா?"

"போட்டுது சார்."

"சரி." துணியை மடித்து வைத்தார். "நீ கட்டச் சொன்ன கூடை இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?"

பதினெட்டு நாளாக அந்த ஒரு கன்றின் வயிற்றைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மாம்பலத்தில் இரண்டு, லஸ் பக்கம் ஒன்று, அடையாற்றில் ஆற்றோரக் குடிசை ஒன்று. டாக்டர் சைக்கிள் நின்ற பக்கம் தலையை அசைத்தார்.

மூன்று வீட்டில் எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள். அடையாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. குடிசை வாசலில் பால் விற்கும் பொம்பளை நின்றாள். கன்று முளையில் கட்டியிருந்தது, ஏழாவது வாரம். மூஞ்சியில் என் கூடை.

"நீ சொன்ன மேரியே கட்டிக்கினு கீறேன் நைனா, ஒரு நாளு கூட வுடல" என்றாள் பெருமையாக.

மண்டிபோட்டு உட்கார்ந்தேன். நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். கூடை கழன்று விழுந்தது. கன்று வாயைத் திறந்து மூடிப் பார்த்தது, தரையை முகர்ந்தது, தலையைத் தூக்கி என் வேட்டி நுனியைக் கவ்வி மெல்ல ஆரம்பித்தது. இழுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மெல்லட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.